ஒருத்தனாவது பேசிவிட்டுச் சாகட்டும்

தீபாவளிக்கு முந்திய வாரம் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நடப்பதென்றால் கூட்டம் தள்ளுகிற பக்கம் போவதுதான். சேலைக் கூடாரம், முறுக்குக் கூடாரம், மருதாணி போடும் பெண்கள் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். போன தீபாவளிக்கு அப்படிப் போனபோது ஒரு கூடாரத்துக்குப் பின்னால் சின்ன ஜெனரேட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெட்ரோல் புகையும், பக்கத்தில் கச்சாங் பூத்தே விற்றவரின் வறுகடலை வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். "அக்கா, கொஞ்சம் நடங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு அது வெறும் புகை. எனக்கோ, இன்று ராத்திரி திடலில் படம் என்று யாரோ லயத்து வாசலில் வந்து சொன்னது போலிருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது கிள்ளானை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். சம்பளம் போட்ட வாரக் கடைசியில் படக்காரரின் வேன் வரும். பந்து விளையாடும் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் திரையை இழுத்துக் கட்டுவார்கள். சூரியன் சாயும் முன்பே பிள்ளைகள் பாயைக் கொண்டுபோய் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து இடம் பிடித்துவிடுவோம். கிராணி வீட்டுக்காரர்களுக்கு மட்டும் நாற்காலி வரும். இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்பக்கம் உட்கார்வார்கள். அங்கே சிவாஜி இடது கையால் சுடுவார், எழுத்தெல்லாம் இடவலம் மாறி ஓடும், ஆனாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். அந்த இடைவெளியில் ஜெனரேட்டர் சத்தமும் கொசுக்கடியும் கடலைக்காரரின் குரலும்தான். விடிவதற்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு நிற்கவேண்டிய பெரியவர்கள் நடுநிசி வரை கண் கொட்டாமல் பார்ப்பார்கள். மறுநாள் பால் மரத்தடியில் முழுப் படமும் இன்னொரு முறை வசனத்தோடு ஓடும்.

அப்படி ஒரு ராத்திரியில்தான் 'இரத்தத் திலகம்' பார்த்தேன். 1963இல் வெளிவந்த படம், எங்கள் திடலுக்கு வந்து சேர்ந்தது அதற்குச் சில காலம் கழித்து. சிவாஜி கணேசனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக இந்தப் படத்தைத் தொடுவதில்லை. கட்டபொம்மன், கர்ணன், சிக்கல் சண்முகசுந்தரம், பாரிஸ்டர் ரஜினிகாந்த் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். இதில் கல்லூரி நண்பர்கள் பிரியும்போது பாடும் பாட்டு மட்டும் இன்றைக்கும் பள்ளி விருந்துகளில் ஒலிக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்த காலத்தில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் விழாவில் அதைக் கேட்டுக் கண் கலங்காத ஆண்டு எனக்கு இருந்ததில்லை. ஆனால் அந்தப் பாட்டு ஒரு போர்ப் படத்தில் வருவது என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள்.

1962இல் நடந்த இந்திய சீனப் போர்தான் படத்துக்குக் களம். தாதா மிராசி இயக்கியது, கே. வி. மகாதேவன் இசை, கண்ணதாசன் பாட்டு. கண்ணதாசன் ஒரு பாட்டுக்குத் தாமே திரையில் தோன்றவும் செய்தார். சிவாஜியும் சாவித்திரியும் கல்லூரியில் ஒன்றாகப் படிக்கிறார்கள். மேடையில் ஒத்தெல்லோ நாடகத்தை ஆங்கிலத்திலேயே நடிக்கிறார்கள். திடலில் இருந்த யாருக்கும் ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் தலை அசையாமல் பார்த்தார்கள். பிறகு அவர் ராணுவத்துக்குப் போகிறார். அவள் பீக்கிங்கில் இருக்கிறாள். அவள் எதிரிப் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று இவர் வெறுக்கிறார். அவளோ அங்கிருந்தபடி இந்தியாவுக்காக உளவு பார்க்கிறாள். கதை அவ்வளவுதான். போர் முடிந்த சூட்டில் எடுத்த படம் என்பதால் ஆவேசம் தூக்கலாக இருக்கும். சீனச் சிப்பாய்களாக நம்மவர்களே கண்ணை இழுத்து ஒப்பனை போட்டு வருவார்கள். இன்று பார்க்க நெருடுகிறது. சாவித்திரியின் பாத்திரம்தான் படத்தைத் தாங்குகிறது என்பது என் எண்ணம். வாய் திறந்து ஒன்றும் சொல்ல முடியாமல், காதலித்தவனே காறித் துப்பும்போது அதை வாங்கிக்கொண்டு நிற்கிற பெண்ணை அவர் அத்தனை அடக்கமாகச் செய்திருந்தார்.

அந்தப் போர் எங்களுக்குத் தூரத்துச் செய்தியல்ல. அப்போதைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் இந்தியாவுக்கு ஆதரவாக நின்று, ஜனநாயகத்தைக் காப்போம் என்று ஒரு நிதியே திரட்டினார். ஆனால் எங்கள் தோட்டத்தில் பிரச்சினை வேறு விதமாக வந்தது. படம் பார்த்த மறுநாள் பையன்கள் குச்சியைத் துப்பாக்கியாக வைத்துக்கொண்டு போர் விளையாடினார்கள். விளையாட்டு முற்றி, தோட்ட வாசலில் மளிகைக்கடை வைத்திருந்த சீனக் கிழவரின் கடை முன்னால் போய்க் கூச்சல் போட்டார்கள். ஒருவன் கல்லையும் எறிந்தான். கிழவர் ஒன்றும் சொல்லாமல் கடைப் பலகையை எடுத்து வைத்துச் சாத்திவிட்டார்.

விஷயம் தாத்தாவின் காதுக்குப் போனது. என் தாத்தா சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு லயத்து நடுவில் நின்று கத்தினார். "ஜப்பான்காரன் காலத்துல உங்க அப்பனுக்கெல்லாம் கஞ்சி ஊத்துனது யாருன்னு தெரியுமாடா? நான் சயாமுல கெடந்தப்போ உங்க பாட்டி இந்த ஆளு கடையிலதான்டா கடனுக்கு அரிசி வாங்குனா. ஜப்பான்காரனோட வாழைமர நோட்டு செல்லாமப் போனப்பவும் அந்தக் கடனை அவன் கேக்கல!" பிறகு பையன்களை வரிசையாக அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கிழவர் அவர்களுக்கு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார் என்று தம்பி வந்து சொன்னான். அந்தக் கிழவரின் அண்ணன்மார் இருவரை 1942இல் லாரியில் ஏற்றிப் போன ஜப்பானியர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை என்பதை எனக்குப் பாட்டி பல வருடம் கழித்துத்தான் சொன்னார்.

தாத்தா சயாமுக்குப் போனவர். எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல் போதும், மேலே கேட்கமாட்டார்கள். பர்மாவையும் சயாம் என்ற தாய்லாந்தையும் இணைக்க ஜப்பானியர்கள் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளைப் பற்றி ஆங்கிலத்தில் நிறையப் படம் வந்துவிட்டது. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். காலரா, வயிற்றுப்போக்கு, மலேரியா, பட்டினி. நல்ல சம்பளம், மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் தாத்தாவை ரயிலில் ஏற்றினார்களாம். எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தாத்தாவின் இரண்டு முழங்காலிலும் ஆறிய புண்ணின் தழும்பு கடைசி வரை கறுத்துக் கிடந்தது.

இந்த மனிதர்தான் சிவாஜியின் பரம ரசிகர். படத்தில் அவர் சாகப்போகிறார் என்று தெரிந்தால் தாத்தா பாயிலிருந்து எழுந்து மண்டியிட்டு உட்கார்ந்துகொள்வார். 'கர்ணன்' எங்கள் திடலுக்கு வந்தபோது அது நடந்தது. கர்ணன் அம்பு தைத்துத் தேர்ச்சக்கரத்தடியில் கிடக்கிறான். பாட்டு, வசனம், தாய் வருகிறாள், கண்ணன் வருகிறான், உயிர் போக மறுக்கிறது. அப்போது கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்த என் சித்தப்பா லீவுக்கு வந்திருந்தார். ஆங்கிலப் படம் பார்த்துப் பழகியவர். "சாகப் போறவன் இவ்வளவு நேரமாப்பா பேசுவான்?" என்று சிரித்தார். தாத்தா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பேசாம செத்தவனுங்கள நான் எவ்வளவோ பாத்துட்டேன்டா. ஒருத்தனாச்சும் பேசிட்டுச் சாவட்டுமே."

சித்தப்பா அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சிவாஜியைப் பற்றி அப்படிச் சொன்னதே இல்லை. மிகை நடிப்பு என்று எழுதியவர்களை நான் பின்னாளில் நிறையப் படித்தேன். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நான் அந்த மரணக் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம், இரவில் பக்கத்தில் படுத்திருந்தவன் காலையில் குளிர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு மண்வெட்டியோடு வேலைக்குப் போன ஒருவரின் கண்ணால்தான் பார்க்கிறேன். என்னால் வேறு மாதிரி பார்க்க முடியாது.

சிவாஜியின் முதல் படமே ஒரு வகையில் போர்ப் படம்தான் என்பதை எனக்குச் சுட்டிக்காட்டியவரும் தாத்தாதான். 'பராசக்தி' என்றதும் நீதிமன்ற வசனமும் கோயில் காட்சியும் கலைஞரின் பெயரும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கதை எங்கே தொடங்குகிறது? ரங்கூனில். போர் மூண்டுவிட்டது. தங்கை கல்யாணத்துக்கு ஊர் போக அண்ணன் தம்பி மூவருக்கும் சேர்த்துக் கப்பலில் ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைக்கிறது. மற்றவர்கள் பர்மாவிலிருந்து நடந்து வருகிறார்கள், குண்டு விழுகிறது, ஒரு தம்பிக்குக் கால் போகிறது. 1952இல் அதைப் பார்த்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது கதையைக் கிளப்புவதற்கு ஒரு காரணம். பினாங்கிலும் கிள்ளானிலும் பார்த்தவர்களுக்கு அப்படியல்ல. கப்பல் நின்றுபோய், அக்கரையில் அம்மா செத்த செய்தி மூன்று வருடம் கழித்துக் கிடைத்தவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள். பாட்டி அதில் ஒருத்தி. அந்த ரங்கூன் காட்சிகள் வரும்போது மட்டும் பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். நீதிமன்றக் காட்சி வருவதற்குள் தூங்கிப்போவார்.

ஆசிரியர் பயிற்சி முடிந்து எனக்குத் தலைநகரில் வேலை கிடைத்தபோது பிரிக்பீல்ட்ஸில் சித்தப்பா வீட்டில் தங்கினேன். அவர் ரயில்வேயில் இருந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை வரிசையாக நின்ற காலம் அது. அடுத்த தெரு வரை சாம்பார் வாசனையும் சொதி வாசனையும் மாறி மாறி வரும். ஏனென்றால் பாதி வீடு நம்மவர், பாதி வீடு யாழ்ப்பாணத்தார். லிடோ தியேட்டரில் தமிழ்ப்படம் மாறும் நாளில் தெருவே கிளம்பிப் போகும். கொஞ்சம் வசதிப்பட்டவர்கள் பத்து ரோட்டுக்குப் போய் கொலிசியத்தில் பார்ப்பார்கள். 1921இலிருந்து நிற்கும் அந்தக் கட்டடத்தின் முகப்பைப் பார்த்தாலே எனக்கு டிக்கெட் எடுத்த நிறைவு வந்துவிடும்.

எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து ஐயா ஓய்வுபெற்ற ரயில்வே உத்தியோகஸ்தர். தெருவில் முதன்முதலில் வீடியோ பெட்டி வாங்கியவர் அவர். பாட்டு என்றாலே அவருக்கு ஆகாது. ஒருநாள் வாசலில் நின்று, "பிள்ளை, பாட்டே இல்லாத சிவாஜி படம் ஒண்டு கிடைச்சிருக்கு. எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். அந்தச் சமயம் தாத்தா கண் ஆபரேஷனுக்காக எங்களோடு வந்து தங்கியிருந்தார். அவரைப் பார்க்க அவருடைய தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, கிள்ளானிலிருந்து வந்திருந்தார். எல்லோரும் போனோம்.

படம் 'அந்த நாள்'. 1954இல் ஏவிஎம் எடுத்தது. இயக்கியவர் எஸ். பாலசந்தர், பின்னாளில் வீணை வித்வானாக உலகமெல்லாம் அறியப்பட்டவர். கதை வசனம் எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தவர் ஜாவர் சீதாராமன். தமிழில் பாட்டே இல்லாமல் ஒரு படம் வரலாம் என்று அந்தக் காலத்தில் துணிந்தார்கள். வந்தபோது கூட்டம் சேரவில்லை. பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள்தான் அதிகம். படம் தொடங்கியதும் சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார். யார் சுட்டது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவர் சொல்லிலும் வேறொரு ராஜன் எழுந்து வருகிறான். ராஜன் ரேடியோ எஞ்சினியர். தன் திறமையை அரசாங்கம் மதிக்கவில்லை என்ற ஆத்திரத்தில் ஜப்பானுக்கு உளவு சொல்கிறான். கல்லூரி நாளிலிருந்தே நாட்டுப்பற்று மிக்க அவன் மனைவி உஷாவாக பண்டரிபாய். முடிவில் துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதை இன்னும் பார்க்காதவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

முதல் நிமிடத்திலேயே செத்துவிடுகிற பாத்திரம். கடைசி வசனம் பேச இடமில்லை. உணர்ச்சியைக் கொட்டிப் பேர் வாங்கிக்கொண்டிருந்த நடிகர், வந்து இரண்டே ஆண்டில், இப்படி ஒரு துரோகியின் வேஷத்தை ஏற்றார். குரலைத் தாழ்த்தி, தோளைக் குறுக்கி, கண்ணை மட்டும் அலையவிட்டு நடித்திருப்பார். மிகை நடிப்பு என்கிறவர்கள் இந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் பேசவேண்டும்.

படம் முடிந்து ஐயா விளக்கைப் போட்டார். யாரும் எழவில்லை. சின்னத் தாத்தாதான் முதலில் பேசினார். "அப்ப ராஜன் துரோகின்னு சொல்றாங்களா?"

கேள்வியின் கனம் எனக்கு உடனே புரியவில்லை. சின்னத் தாத்தா நேதாஜி படையில் இருந்தவர். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இறங்கியபோது, அண்ணன் சயாமில் கிடக்கிறான் என்று தெரிந்தும், பதினெட்டு வயதுப் பையனாக இந்திய தேசிய ராணுவத்தில் போய்ச் சேர்ந்தவர். அவர்களுக்கு ஜப்பான் துணை நின்ற நாடு. சென்னையில் ஜப்பானுக்கு உதவியவன் துரோகி என்று படம் சொல்கிறது. இங்கே அதே ஜப்பானோடு சேர்ந்து தோளில் துப்பாக்கி சுமந்தவர்கள் தியாகிகள். அதே ஜப்பான்தான் அவருடைய அண்ணனைச் சயாமில் வைத்துப் புழுவாக நசுக்கியது. ஒரே வீட்டில், ஒரே தாயின் வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஒரே போரிலிருந்து வேறு வேறு நாட்டைக் கொண்டு வந்திருந்தார்கள்.

பின்னாளில் தேதிகளை எடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டது 1943 அக்டோபர் 11. 'அந்த நாள்' அந்த நேரத்துச் சென்னையில்தான் நடக்கிறது. சயாம் பாதையின் இரு முனைத் தண்டவாளங்களும் சேர்ந்தது அதே அக்டோபர் 17. நேதாஜி சிங்கப்பூர் கேத்தே சினிமா அரங்கில் சுதந்திர இந்திய அரசை அறிவித்தது அக்டோபர் 21. பத்து நாள் இடைவெளியில் மூன்று. படத்தை எடுத்தவர்கள் மற்ற இரண்டையும் நினைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஐயாவின் வரவேற்பறையில் அன்றிரவு மூன்றும் உட்கார்ந்திருந்தன.

தாத்தா தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்ல நேரமெடுத்துக்கொண்டார். "உன்னைய யாருடா துரோகின்னு சொன்னா? நீ நாட்டுக்குப் போன. அவன் கோவத்துக்குப் போனான்" என்றார். சின்னத் தாத்தா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் தெரிந்து சயாம் பற்றியும் நேதாஜி படை பற்றியும் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அன்றுதான். விடியும் வரை பேசினார்கள். ஐயாவின் மனைவி கோப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஐயாவும் தம் பங்குக்குச் சொன்னார். 1945 மார்ச்சில் நேச நாட்டு விமானங்கள் வந்தபோது அவர் ரயில்வேயில் வேலையில் இருந்தாராம். ரயில்வேத் தளத்தைக் குறிவைத்து வந்தவை என்றுதான் அப்போது பேசிக்கொண்டார்கள். விழுந்த குண்டில் பக்கத்தில் இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகம் பாதி போனது. அந்த இடத்தில்தான் 1963இல் தேசிய அருங்காட்சியகம் எழுந்தது. இன்று கே.எல். சென்ட்ரலிலிருந்து அதற்கு நடந்தே போகலாம். போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

போரைத் திரையில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல. பள்ளியில் என்னோடு வேலை பார்த்த மலாய் ஆசிரியை பி. ரம்லியின் 'சார்ஜன் ஹசான்' பற்றிச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். 1958இல் வந்த படம், மலாய்ப் படையணி வீரனாக ரம்லி நடித்தது, இயக்கியவர் பிலிப்பைன்ஸ்காரர் லம்பெர்த்தோ அவெல்லானா. ரம்லியும் நகைச்சுவைக்கும் பாட்டுக்கும் பேர்போனவர்தான், அவருடைய போர்ப் படமும் பின்வரிசைக்குப் போய்விட்டது. ஜப்பானியர் காலத்தில் பினாங்கில் ஜப்பானியப் பள்ளியில் படித்தவர் அவர். அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய 'பக்தி' படத்தை இயக்கியது நம்மவர் எல். கிருஷ்ணன். இந்த நாட்டின் மலாய் சினிமா தவழ்ந்த காலத்தில் தமிழ் தெரிந்த இயக்குநர்களின் கை அதில் இருந்தது. நாங்கள் இருவரும் மதிய இடைவேளையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, யாருடைய நடிகர் நன்றாகச் செத்தார் என்று வாதாடியிருக்கிறோம். 1973இல் ரம்லி மறைந்தபோது தன் அப்பா சாப்பிடவில்லை என்றார் அவர். அந்தத் துக்கம் எனக்குப் புரிய இன்னும் பல வருடம் ஆயிற்று.

2001 ஜூலை 21. சிவாஜி போய்விட்டார் என்ற செய்தி வானொலியில் வந்தது. அதற்குச் சில மாதம் முன்புதான் கே.எல். சென்ட்ரல் திறந்திருந்தார்கள். பழைய ரயில்வே நிலம் முழுக்கக் கண்ணாடியும் காங்கிரீட்டும் ஆகிவிட்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் கேசட் கடைகளின் வாசலில் அவர் படத்தை வைத்து மாலை போட்டு, ஊதுவத்தி கொளுத்தியிருந்தார்கள். கடைக்குக் கடை வேறு வேறு பாட்டு. கட்டபொம்மனுக்காக கெய்ரோவில் வாங்கிய விருது, பிரெஞ்சு அரசின் செவாலியே, தாதாசாகேப் பால்கே விருது என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எங்கள் வீட்டுச் சிவாஜி எந்தப் பக்கத்திலும் இல்லை. 'அந்த நாள்' என்று ஒரு வரி ஓர் ஓரத்தில் இருந்தது. 'இரத்தத் திலகம்' பாட்டோடு நின்றுபோனது. தாத்தா அப்போது இல்லை. சின்னத் தாத்தா கிள்ளானிலிருந்து போன் போட்டார். "கேள்விப்பட்டியாம்மா?" என்றார். "கேள்விப்பட்டேன் தாத்தா" என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர், "அண்ணன் இருந்திருந்தா இன்னிக்கு வேலைக்குப் போயிருக்க மாட்டாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இப்போது நான் வளர்ந்த தோட்டம் இல்லை. பால் மரமெல்லாம் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. திடல் இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். லிடோவும் போயிற்று. நாங்கள் காலையில் கையில் எடுத்தவுடன் படவிளம்பரம் பார்த்த 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. இவையெல்லாம் போவது எனக்கு வருத்தம்தான், ஆனால் ஊர் வளரும்போது போகத்தான் செய்யும். ஆற்றாமை வேறு. சயாமில் விழுந்த நம் ஜனங்களுக்கு நம் மொழியில் ஒரு பெரிய திரைப்படம் இன்னும் வரவில்லை. எழுத்தில் வந்திருக்கிறது. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' எழுதினார். இரண்டும் இந்த மண்ணில் பிறந்த நாவல்கள், வாங்கிப் படிக்க வேண்டியவை. ஆனால் எங்கள் தோட்டத்துப் பெரியவர்களில் பாதிப் பேர் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள். அவர்கள் தம் துக்கத்தைப் பார்த்துக்கொண்டது திரையில்தான். அவர்களுடைய துக்கத்துக்கு அங்கே ஒரு படம் இல்லாததால், கர்ணனின் சாவிலும் ரங்கூன் குண்டிலும் சாவித்திரியின் மௌனத்திலும் அதைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் படங்கள் மறக்கப்படுவதை நான் அதனால்தான் பொறுக்கமாட்டேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் தொண்ணூறைத் தொட்ட பெரியவர் யாராவது இருந்தால், ஒரு சனிக்கிழமை மாலை அவரை உட்காரவைத்து 'அந்த நாள்' போட்டுக் காட்டுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் அவர் குழந்தையாக இருந்திருப்பார், ஆனாலும் மரவள்ளிக்கிழங்கின் ருசியும் அப்பா திரும்பி வராத நாளும் நினைவிருக்கும். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பேசச் சொல்லுங்கள். பெயர், தோட்டம், யார் போனார்கள், யார் வந்தார்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். என் தாத்தா அன்றிரவு விடியும் வரை சொன்னதை நான் பதிந்து வைக்கவில்லை, என்னிடம் அந்த வசதி அப்போது இல்லை. உங்களிடம் இருக்கிறது.